கயிறில்லாமல் வந்த கார்

எங்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரரை இன்ஜின்காரர் என்றும் அவருடைய தம்பியைக் கியர்பாக்ஸ்காரர் என்றும்தான் சொல்வார்கள். மொரப்பூரிலிருந்து கம்பைநல்லூர் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டாய் போட்டு, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இரண்டு பேரும் அதில் வேலை பார்த்தார்கள். ஒரு வண்டி உள்ளே வந்தால் முன்பக்கச் சத்தம் அண்ணனுக்கு, நடுப்பக்கச் சத்தம் தம்பிக்கு. யாரும் உட்கார்ந்து பாகம் பிரிக்கவில்லை. ஆரம்பத்தில் எப்படியோ அப்படி அமைந்தது, அப்படியே நின்றுவிட்டது. தம்பி கியர்பாக்ஸ் மூடியைத் திறந்தால் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். "அது தம்பி சமாச்சாரம்" என்று டீக்கடைக்குப் போய்விடுவார். தம்பியும் சளைத்தவர் இல்லை. இன்ஜினில் ஒரு திருகாணியை முடுக்கச் சொன்னால்கூட "அண்ணன் வரட்டுங்க" என்பார்.

வண்டி கொண்டு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "ஏம்பா, ரெண்டுத்துக்கும் நடுவுல இருக்கற கிளட்ச் யாருது?" என்பார்கள். கிளட்ச் வேலை வந்தால் மட்டும் இரண்டு பேரும் ஒரே வண்டிக்கு அடியில் படுத்திருப்பார்கள். வெளியே நாலு கால் மட்டும் தெரியும். எது யார் கால் என்று செருப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

போன வருஷம் மாசி மாதம் தம்பி போய்விட்டார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைக் காரில் ஏற்றித் தர்மபுரிக்குக் கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் வயது.

காரியம் முடிந்த அன்றைக்குக் கொட்டாயின் ஷட்டரை இழுத்து விட்ட என் வீட்டுக்காரர், பிறகு அதைத் தூக்கவே இல்லை. காலையில் எழுந்து குளிப்பார், சாப்பிடுவார், டிவிக்கு முன்னால் உட்காருவார். டிவியில் சத்தம் வைக்கமாட்டார். ஸ்பேனரைத் தொட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. நகத்துக்குள் எப்போதும் இருக்கிற கருப்பு போய், கை ஆபீசில் வேலை பார்ப்பவர் கை மாதிரி வெளுத்துவிட்டது. அந்தக் கையைப் பார்த்தால் யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கிறேன். மாவு வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தை நீட்டும்போது ஏதாவது சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பேசப் படித்தேன். நல்லதாக ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அன்று முழுக்க கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். துக்கத்துக்குப் பிறகும் அவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காதுவரைக்கும் வரும், அதற்குக் கீழே இறங்காது.

பால் ஊற்றுகிற அக்கா ஒருநாள், சாப்பிட்டாயா என்று கேட்பது போலவே கேட்டார். "அழுதுட்டியா கண்ணு?"

"இன்னும் இல்லீங்க்கா."

"செரி, வரும்போது வரட்டும். அதுக்கென்ன, ரயிலா புடிக்கணும்?"

முன்பு என்றால் அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருப்பேன். அன்றைக்குப் பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இப்படி இருக்கும்போதுதான் மாட்டுத் தரகர் வந்தார். கம்பைநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். என்னைத் தங்கச்சி என்பார், அதனால் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை. தோளில் துண்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

"மாப்ள இருக்கறாருங்களா?"

"இருக்கறாருங்ணா."

"இருக்கறாருன்னா, இருக்கறாரா? உக்காந்துட்டு இருக்கறாரா?"

"உக்காந்துட்டு இருக்கறாரு."

"அதான் உங்கிட்டயே பேசிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று குரலைத் தாழ்த்தினார்.

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. நீள மூக்கு வைத்த டீசல் கார், ஒரு காலத்தில் கல்யாண மாப்பிள்ளைகளும் சர்க்கார் அதிகாரிகளும் போன ஜாதி. சந்தை சந்தையாக அதில்தான் அவர் சுற்றினார். பிக்கப் வண்டி வாங்கிய பிறகு அதை மாட்டுக் கொட்டாயில் ஓரமாக நிறுத்தியிருந்தார். இப்போது அந்த இடம் வேண்டும் என்று அவர் சம்சாரம் பிடிவாதம்.

"பழைய இரும்புக்காரன் வந்து தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போறான் தங்கச்சி. எங்கூட்ல வளந்தத கறிக்குப் போடற மாதிரி இருக்குது. தெரிஞ்ச கைக்குப் போனா மனசு ஆறும். மாப்ளைக்கும் கையில ஒரு வேலை ஆச்சு."

"வண்டிக்கு என்னாங்ணா கோளாறு?"

"ஒன்னுமில்ல. கியர்ல மட்டும் லேசா ஒரு சுணக்கம்."

வேறு எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் அப்போதே சரி என்றிருப்பேன். இன்ஜின் என்றால் சந்தோஷமாகவே சரி. பிரேக், வயரிங், தரையில் ஓட்டை, எதுவாக இருந்தாலும் சரி. கியர்பாக்ஸ் என்றதும் நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் இல்லாத ஆளுடைய வேலை அது. என் வீட்டுக்காரர் அதைத் திறந்து சரி பண்ணினால் கொட்டாயும் திறந்த மாதிரி, மறுபடியும் எழுந்துவிடுவார். கார் வந்து, அதைத் தொடாமல் விட்டு, அது அங்கேயே துருப்பிடித்தால், அதற்கப்புறம் அந்த ரோட்டுப் பக்கமே போகமாட்டார். இரண்டில் ஒன்றுதான், நடுவில் எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தாலும் பயமாக இல்லை, ஆசையாகவும் இல்லை. கரண்ட் பில் பற்றி யோசிப்பது மாதிரி அதை யோசித்தேன்.

"பாக்க வர்றங்ணா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைத் தரகர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று சொன்னேன். "செரி" என்றார். வா என்றால் வந்தார், அவ்வளவுதான்.

கார் வெள்ளையாக இருந்து, ஆறிய பாலின் ஆடை நிறத்துக்கு வந்திருந்தது. அடியில் இரண்டு ஆடு படுத்திருந்தது. தரகர் ஆடுகளை விரட்டிவிட்டு, மாட்டைக் காட்டுகிற மாதிரியே காரைக் காட்டினார். பின்பக்கத்தில் ஒரு தட்டு, முதுகில் ஒரு தடவல். பானட்டைத் தூக்கி, "பல்லைப் பாருங்க மாப்ள, எல்லாம் பொறந்தப்ப இருந்த பல்லு. சுழி சுத்தம். முட்டாது, ஒதைக்காது" என்றார்.

"பேப்பரெல்லாம் இருக்குதுங்களாண்ணா?" என்றேன்.

"மாட்டுக்கு ஏது தங்கச்சி பேப்பரு" என்று வாயில் வந்துவிட்டது அவருக்கு. உடனே, "இருக்குது, இருக்குது, பெட்டில இருக்குது" என்றார்.

பிக்கப்பின் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணினார்கள். இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. இவர் பானட்டுக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். பழைய பழக்கம், கழுத்து தானாகச் சாய்ந்தது. கொஞ்சநேரம் கழித்து "இன்ஜின் இருக்குது" என்றார். அங்கே அவர் பேசியது அது ஒன்றுதான். தரகர் தானே ஏறி, பக்கத்துக் காலி வயலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். பார்க்க ஒழுங்காகத்தான் ஓடியது.

அடுத்தது விலை. மாட்டுத் தரகர்கள் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இரண்டு பேர் கையின் மேலும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து அழுத்தித்தான் பேரம். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காருக்கும் அவர் அதையே செய்தார். என்னோடு அப்படிப் பேச முடியாதே, அதனால் இவர் கையை இழுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். அவர் உதடு அசைந்தது, புருவம் ஏறியது. ஒரு விரலைப் பிடித்துப் பார்த்தார், இன்னொரு விரலைப் பிடித்துப் பார்த்தார். இவர் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தரகர் கடைசியில் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய முகமே மாறியிருந்தது.

"தங்கச்சி, மாப்ள கை பேச மாட்டேங்குது."

இவர் இன்னும் மாடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன சந்தைல எத்தன கையப் புடிச்சிருக்கறேன். வேணாங்கற கை இருக்கும், பொய் சொல்ற கை இருக்கும். இது ரெண்டும் இல்ல. வெலயெல்லாம் நீயே பாத்து எதுவோ குடு. நான் கேக்கல."

மறுநாள் சாயங்காலம் என் ஓரகத்தியிடம் போய்ச் சொன்னேன். கொழுந்தனாரின் மனைவி, எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடுதான். பனியன் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் தம்பி மனைவி, கணவரின் அண்ணனோடு நேராகப் பேசுவதில்லை. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது, மரியாதைக்கு அப்படி. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள், நான் அவரிடம் சொல்வேன். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் அப்படித்தான். "அக்கா, மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு வேணுமான்னு கேளுங்க" என்பாள். அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் கேட்பேன். வீட்டில் எனக்கு அது ஒரு பெரிய வேலையாகவே இருந்தது. தம்பி போன பிறகு இரண்டு பக்கமும் சொல்ல எதுவும் இல்லாமல் நான் சும்மா இருந்தேன்.

காரைப் பற்றிச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவுரு டூல்ஸ் பொட்டி எங்கிட்டத்தான் இருக்குது. பூட்டினது பூட்டினபடி. மாமா கேட்டா குடுத்தர்றங்க்கா."

"கேப்பாரான்னு தெரியலயே."

"கேக்க மாட்டாரு" என்றாள். ஒரு சட்டையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். "நான் ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"மாமா எந்திரிக்கணும்னு எனக்கும் இருக்குதுக்கா. சாமி சத்தியமா இருக்குது. ஆனா அந்த கியர்பாக்ஸ அவரே அவுத்து, அவரே மாட்டி, வண்டியும் ஓடிருச்சுன்னு வைங்க. அப்ப எங்கூட்டுக்காரரு அத்தன வருஷம் எதுக்கு அங்க இருந்தாரு?"

பேச்சுக்குப் பேச்சு வைத்திருக்கிறவள் என்று ஊரில் எனக்குப் பெயர். அன்றைக்கு அவளுடைய வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கிரைண்டரில் அரிசியைப் போட்டு, அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இவரிடம் அதைச் சொல்லவில்லை. அவள் சொன்னதில் நான் சேர்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

புதன்கிழமை, ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று தரகரிடம் கேட்டு, வண்டியை எடுக்கப் போனோம். அங்கே போனால் வண்டியைக் கழுவி, பானட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டத் தயாராக அவர் சம்சாரம் நிற்கிறார்.

"ஓட்டிப் பாக்கத்தாங்ணா கொண்டு போறோம். இன்னும் வாங்கல" என்றேன்.

"பாரு, பாரு, யாரு வேணாங்கறா?" என்றார் தரகர். "ஆனா கொட்டாயத் தாண்டறது நல்லபடியா தாண்டட்டும்."

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார், நான் பக்கத்தில். தரகர், "ஒரு நிமிஷம் மாப்ள" என்று சன்னல் வழியாகக் குனிந்து, சீட்டுக்குக் கீழே கட்டியிருந்த ஒரு கருப்பு ரப்பர் நாடாவை அவிழ்த்து எடுத்தார். பழைய டியூபை அறுத்த நாடா. அதைத் தட்டிவிட்டுக் கொட்டாயின் ஆணியில், மாட்டுக் கயிறுகள் தொங்குகிற இடத்தில் மாட்டினார். ஏதோ பழைய கந்தல் என்று நான் நினைத்தேன். இவர் பார்த்திருந்தால் கேட்டிருப்பார். அவருக்கு அந்த நாட்களில் கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

மேட்டில் நன்றாகத்தான் ஏறியது. ஏரிக்கரை தாண்டி ரோடு சரிவாக இறங்குகிற இடத்தில் இவர் இரண்டாவது கியருக்குக் கொண்டு வந்தார். பத்தடி போயிருக்காது. டக்கென்று கியர்த்தண்டு தானாகக் குதித்து வெளியே வந்துவிட்டது. இன்ஜின் ஒரு பக்கம் உறுமுகிறது, கார் அதுபாட்டுக்கு உருளுகிறது. எதிரே ஒரு கரும்பு டிராக்டர். இவர் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரமாக ஒரு வேப்பமரத்துப் பக்கம் நிறுத்தினார். டிராக்டர்காரன் போகிற போக்கில் எங்கள் குலத்தையே விசாரித்துக்கொண்டு போனான்.

எனக்குப் படபடப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இவருக்குத்தான் வந்தது. மறுபடி இரண்டாவது போட்டார், மெதுவாக நகர்த்தினார், மறுபடியும் குதித்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். அழுத்தினால் நின்றது, கையை எடுத்தால் குதித்தது. ஸ்டியரிங்கையும் பிடித்து இதையும் பிடிக்க முடியவில்லை.

"ஏய்" என்றார் என்னைப் பார்த்து. "இதப் புடி. ரெண்டு கையாலயும். நான் சொல்லும்போது பின்னால இழுத்துப் புடிச்சுக்க, கிளட்ச் மிதிச்சா வுட்ரு."

"நானா?"

"வேற யாரு இருக்கறா இங்க?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னைக் கோபித்துக்கொண்டார். நான் இரண்டு கையாலும் அந்தத் தண்டைப் பிடித்தேன். மொரப்பூர் வரைக்கும் "புடி", "வுடு", "புடின்னா புடி" என்று அவரும், "புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்" என்று நானும். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். காரை எங்கள் கொட்டாய்க்கு முன்னால் நிறுத்தி இறங்கினபோது தோள்வரைக்கும் கை அதிர்ந்துகொண்டே இருந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தரகருக்கு போன் பண்ணினேன்.

"என்னாங்ணா இது, ரெண்டாவது கியர் நிக்கவே மாட்டேங்குது?"

"நிக்காதே" என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக. "அதுக்குத்தான டியூப் கட்டி வெச்சிருந்தேன். கியரப் போட்டுட்டு டியூப இழுத்துக் கொக்கில மாட்டிக்கணும். வருஷக்கணக்கா அப்பிடித்தான் ஓட்டறேன்."

"அதத்தான நீங்க அவுத்துக்கிட்டீங்க?"

"பின்ன? வித்த மாட்டோட கயித்தை எவனாச்சும் அனுப்புவானா தங்கச்சி? கயிறு போச்சுன்னா கொட்டாய்ல லச்சுமி நிக்குமா? வாங்கறவங்கதான் புதுக்கயிறு கொண்டாரணும். இதக்கூட நான் சொல்லணுமா?"

"எதிர்ல டிராக்டர் வந்துச்சுங்ணா."

"ஐயையோ" என்றார், நிஜமாகவே. "நான் மாடுன்னே நெனச்சுட்டேன் தங்கச்சி."

கம்பெனி வேனில் வந்து இறங்கிய ஓரகத்தி காரைப் பார்த்துவிட்டு நேராகக் கொட்டாய்க்கு வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். கயிறு கதையைச் சொன்னேன். முதலில் விழித்தாள், அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். "அந்த மனுசன் ஒருநாள் பொண்டாட்டியவும் கொட்டாய்ல கட்டிருவாரு" என்றாள். மாசிக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். முகம் சிரித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இவர் சிரிக்கவில்லை. காரின் கதவைத் திறந்து வைத்து, அந்தத் தண்டை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அந்தப் பொட்டியக் குடுக்குமான்னு கேளு."

அவள் எனக்கு ஓரடி பக்கத்தில் நிற்கிறாள். நான் அவளைப் பார்த்து, "பொட்டியக் குடுப்பியான்னு கேக்கறாரு" என்றேன். அவள் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "குடுக்கறேன்னு சொல்லுங்க" என்றாள். "குடுக்கறாளாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் தூக்கினார். பாதியில் சிக்கிக்கொண்டது, தோளைக் கொடுத்துத் தள்ளினார். உள்ளே சிலந்தி வலையும் ஆயில் வாடையும். அவள் பெட்டியைக் கொண்டு வந்து, தானே பூட்டைத் திறந்து வைத்துவிட்டு, தள்ளிப்போய் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். கருவிகள் எல்லாம் ஒரு லுங்கித் துணியில் சுற்றியிருந்தன. அந்தத் துணி அவளுக்குத் தெரிந்த துணிதான் போல. பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

கியர்பாக்ஸை இறக்குகிறவரைக்கும் அவருக்குச் சிரமம் இல்லை. கிளட்ச் வேலைக்காகக் கூடச் சேர்ந்து இறக்கின பழக்கம். காருக்கு அடியில் அவருடைய கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நானும் ஓரகத்தியும் கட்டையைத் தள்ளிக் கொடுத்தோம். வெளியே இழுத்து, கோணியின் மேல் வைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, மூடியைத் திறந்தார். உள்ளே பல்சக்கரங்கள் கருப்பு எண்ணெயில் மினுமினுத்தன. இவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டியிலிருந்து வளைந்த மூக்கு வைத்த ஒரு குறடை எடுத்தார், ஒரு வளையத்தில் வைத்தார், எடுத்துவிட்டார். வேறொன்றை எடுத்தார். அதையும் வைத்துவிட்டார். முட்டியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுத்து எதைத் தொடுவார் என்பதில் அவளுடைய உயிர் இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பல்லு தேஞ்சிருக்குது. அது தெரியுது" என்றார் இவர், யாரிடமும் இல்லாமல். "எத மொதல்ல கழட்டணும்னு தெரியல. இத்தன வருஷம் பக்கத்துலயே இருந்தேன், ஒருநாளும் திரும்பிப் பாக்கல. எனக்கு இது தெரியாது."

நான் வழக்கம்போல அவள் ஏதாவது சொல்வாள், எடுத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் டயரிலிருந்து எழுந்தாள்.

"தெரிய வேணாங்க மாமா" என்றாள்.

நேராகச் சொன்னாள். இவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து அப்படிப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். "தெரிய வேணாங்க. அது அவுரு வேல. மூடி வைங்க. தர்மபுரில யாராச்சும் தெரிஞ்சவங்க பாப்பாங்க." சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதாள். இவரும் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நெற்றியெல்லாம் கரியாயிற்று. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து இரண்டு பேருக்கும் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கியர்பாக்ஸைக் கோணியில் போட்டுக் கட்டி, ஒரு பக்கம் இவரும் ஒரு பக்கம் அவளும் பிடித்துக்கொண்டு ஸ்டாப்புக்கு வந்தார்கள். கம்பெனி வேனை அன்றைக்கு அவள் விட்டுவிட்டாள். வழியெல்லாம் இரண்டு பேரும், "பாத்து", "குழி இருக்குதுங்க", "மாத்திப் புடிம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். நடுவில் நான் தேவைப்படவில்லை. கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

தர்மபுரி பஸ் வந்தது. கண்டக்டர் கோணியைப் பார்த்தார், அதன் அடியில் கசிந்த எண்ணெயையும் பார்த்தார்.

"என்னாங்க இது? மாட்டுத் தலையா?"

"கியர்பாக்ஸுங்க" என்றார் இவர்.

"ஓடற பஸ்ல ஒன்னு இருக்குது, போதாதா உங்களுக்கு?"

"உங்களுதும் சத்தம் செரியில்லீங்களே. மேட்டுல வரும்போதே கேட்டேன். இன்ஜின எவனோ கெடுத்து வெச்சிருக்கறான்."

"அதச் சொல்லுங்க டிரைவர்கிட்ட, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு" என்று கண்டக்டர் கோணியின் ஒரு முனையைப் பிடித்து ஏற்றினார். பஸ் நகர்ந்தபோது இவர் டிரைவரின் பின்னால் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது சன்னல் வழியாகத் தெரிந்தது.

ஓரகத்தி கையில் படிந்த எண்ணெயைப் புல்லில் துடைத்துக்கொண்டு, "மாமா சாயங்காலத்துக்குள்ள வந்துருவாரா?" என்றாள். "அவரையே கேட்டிருக்கலாமில்ல" என்றேன். "ஆமா, கேட்டிருக்கலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து தரகருக்கு போன் போட்டேன். டிராக்டர் விஷயத்துக்குப் பிறகு என் பெயரைப் பார்த்தாலே பயந்துபோய்த்தான் எடுப்பார். வண்டியைத் திருப்பி அனுப்புகிறேனா என்று அவரே முந்திக்கொண்டு கேட்டார்.

"இல்லீங்ணா. வண்டி எங்களுது. வர்ற வாரம் பேப்பரக் கொண்டாந்து குடுங்க."

"நெசமாவா தங்கச்சி? மாப்ள சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

"செரி, செரி. அப்ப அந்த எடத்துல எருமயக் கட்டிக்கட்டுமா? எங்கூட்டுக்காரி காலைலருந்து நச்சரிக்கறா."

"கட்டிக்குங்ணா" என்றேன்.